நாங்கள் எழுதிய மொட்டைக் கடுதாசி

எங்கள் தேயிலை ஃபேக்டரியில் பராதிப் பெட்டி வைத்த நாளில் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான். மலையாளத்தில் புகாருக்குப் பராதி என்று பெயர். குமுளிக்கு மேலே எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தமிழிலும் அதுவே வார்த்தை. நீல நிறத் தகரப் பெட்டி, மேலே காகிதம் போட ஒரு திறப்பு, அடியில் சின்னப் பூட்டு. ஹெட் ஆபீசிலிருந்து ஒரு மேடம் வந்து, எங்களையெல்லாம் பேக்கிங் ரூமில் சாக்குகள் மேல் உட்காரவைத்து ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். வேலை செய்யும் இடத்தில் என்ன குறை இருந்தாலும் எழுதிப் போடலாம், பெயர் போட வேண்டியதில்லை, போட்டவர் மேல் யாரும் நடவடிக்கை எடுக்கக் கூடாது, அதுதான் கம்பெனியின் கொள்கை என்றார். கொள்கை என்ற சொல்லை நாலைந்து தடவை சொன்னார்.

நான் கையைத் தூக்கினேன். "சாவி யார்கிட்ட மேடம் இருக்கும்?"

"அது பத்திரமா இருக்கும்" என்று மேடம் சிரித்தார்.

"பத்திரமாத்தான் இருக்கும் மேடம். யார்கிட்ட?"

பக்கத்தில் நின்ற ஃபேக்டரி ஆபீசர் தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்துச் சாயாவும் பிஸ்கட்டும் வந்தன. வகுப்பு முடிந்துவிட்டது.

என் புத்தி இப்படித்தான். ஒரு பொருள் எங்கே போகிறது, யார் கையில் முடிகிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "உனக்கு மூக்கு நுனியில கோவம், நாக்கு நுனியில கேள்வி" என்பார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வது சரிதான். ஆனால் அவர் முன்னால் அதை நான் ஒத்துக்கொண்டதில்லை.

ஃபேக்டரியில் என் வேலை, தேயிலை மூட்டைகள் மேல் தகட்டு அச்சை வைத்து மை தடவி ரகமும் எடையும் குறிப்பது. எனக்கு எதிரே, தேயிலையைத் தரம் பிரிக்கும் சல்லடை மிஷினில் ஓர் அக்கா வேலை செய்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பதினோரு வருடம் எதிரெதிரே நின்றோம். அவர் முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள். பேச்சில் அந்த ஊர் அப்படியே இருக்கும். அவர் வீட்டுக்காரர் இதே ஃபேக்டரியில் வேலை பார்த்து இறந்துபோக, அந்த இடத்துக்கு இவரை எடுத்தார்கள். மகள் தேனியில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் வேலை என்றால் வேலை மட்டும் இல்லை, வீடும் சேர்த்துத்தான். லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில், எஸ்டேட் பெயரேட்டில் பெயர் இருக்கும்வரை குடியிருக்கலாம். பெயர் அடிபட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். "ஊர்னு சொல்லிக்கிட ஒரு பேரு இருக்கு. போய் நிக்க ஒரு இடம் இல்ல" என்று அக்கா அடிக்கடி சொல்வார். அதனால் யாரோடும் சண்டைக்குப் போக மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் போவேன்.

சல்லடை மிஷினை ஓட்டும் பெல்ட்டுக்கு மேல் கம்பி வலையால் ஒரு மூடி இருக்க வேண்டும். மழைக்காலத்தில் பெல்ட் நனைந்து அடிக்கடி நழுவியது. ஒவ்வொரு தடவையும் எட்டு போல்ட்டைக் கழற்றி மாட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறது? மெக்கானிக் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு அது சுவரிலேயே இருந்தது. ஒருநாள் அதையும் காணவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தூசிக்காக அக்கா தலையில் கட்டியிருந்த துண்டின் முனையைப் பெல்ட் பிடித்து இழுத்துவிட்டது. அவர் தலை மிஷினை நோக்கிப் போனதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கையிலிருந்த மைத்தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் துண்டு கிழிந்துவிட்டது. நல்லவேளையாகப் பழைய துண்டு. புதுத் துண்டாக இருந்திருந்தால் அக்கா இல்லை. கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு பத்து நாள் இருந்தது.

அக்கா ஆபீசரிடம் போய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன். "ஸ்பேர் வரட்டும், மூடி போடலாம். நீ துண்டை ஒழுங்கா கட்டு" என்றார் அவர். அடுத்த வாரம் நான் மட்டும் போய்க் கேட்டேன், அதே பதில். அதற்கடுத்த வாரம் என்னைப் பார்த்ததுமே ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார். மறுபக்கத்தில் யாரும் பேசவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் அக்காவே கேட்டார். "ஏட்டி, அந்தப் பெட்டியில பேரு போட வேண்டாம்னுதானே அந்தம்மா சொன்னாவ?"

"ஆமா."

"அப்ப எழுதேன்."

நாங்கள் செய்த ஏற்பாட்டை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. எங்கள் ஃபேக்டரியில் எல்லோரும் லீவுக் கடுதாசி தமிழில்தான் எழுதுவார்கள். நான் மலையாளம் மீடியத்தில் படித்தவள் என்பதால் இதை மலையாளத்தில் எழுதினேன். என் எழுத்து உருண்டையாக இருக்கும். வேண்டுமென்றே சாய்த்து எழுதினேன். காகிதத்தை எஸ்டேட் கடையில் வாங்காமல் குமுளிக்குப் போனபோது வாங்கி வந்தேன். நீல மை இல்லை, கறுப்பு மை. மூடி இல்லாதது, துண்டு மாட்டியது, மூன்று முறை சொல்லியும் நடக்காதது, எல்லாம் எழுதினேன். பெயர் மட்டும் இல்லை. எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். அவர் பிரித்து மேலும் கீழும் பார்த்துவிட்டு நாலாக மடித்தார். சாயா நேரத்தில் மழை வலுத்தபோது, ஒரே குடையில் இரண்டு பேரும் போய்ப் பெட்டியில் போட்டோம்.

எட்டாவது நாள் காலையில் அக்காவைச் சல்லடையிலிருந்து எடுத்துக் களைவெட்டுக்கு அனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை. களைவெட்டு என்றால் மழையில் குனிந்து நிற்க வேண்டும், அட்டை காலில் ஏறும். ஃபேக்டரிக்குள் வேலை செய்யும் ஒருத்தரைத் தேயிலைக் காட்டுக்கு அனுப்புவது என்றால் அடுத்து வெளியே அனுப்பப்போகிறார்கள் என்று எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். "சும்மா கிடந்த சங்கை எதுக்கு ஊதுனீங்க?" என்று ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள். நாங்கள் ஊதியது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் என் கவலை.

அன்று முதல் எனக்கு ஒரே குடைச்சல். பேரில்லாத கடுதாசியிலிருந்து ஆளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? முதலில் கேமராவைச் சந்தேகப்பட்டேன். பெட்டிக்கு எதிரே கேட்டில் ஒன்று இருந்தது. வாட்ச்மேன் அண்ணனிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"அதுவா? போன மழையில இடி விழுந்ததோட போச்சு தங்கச்சி. சும்மா பயத்துக்குத் தொங்குது" என்றார்.

அடுத்து என் எழுத்தைச் சந்தேகப்பட்டேன். வீட்டில் உட்கார்ந்து அதே போலச் சாய்த்து எழுதி, மகனிடம் காட்டி, "இது யாரு எழுத்து?" என்று கேட்டேன். "யாரோ டாக்டர் எழுத்து" என்றான். பிறகு பெட்டியையே போய் ஆராய்ந்தேன். பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. ஆனால் பெட்டி சுவரில் இரண்டு ஆணியில்தான் தொங்கியது. தூக்கினால் கையோடு வந்தது. பின்பக்கத் தகடு நாலு திருகாணியில் நின்றது. திருகாணியின் தலையில் புதுக் கீறல் மினுங்கியது. ஸ்குரூ டிரைவர் உள்ள எவருக்கும் சாவி தேவையில்லை. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அக்கா அங்கே அட்டைக்கடியில் நிற்கிறார், நான் இங்கே துப்பறிகிறேன். இருந்தாலும் கேள்வி கேள்வியாகவே இருந்தது. எடுத்தது சரி, எடுத்த காகிதத்தில் ஆள் எப்படித் தெரிந்தது?

பதில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. அக்கா ஒரு நீளக் கவரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மலையாளத்தில் மெமோ. "பொய்யான விவரங்களோடு மொட்டைக் கடிதம் எழுதி நிர்வாகத்துக்கு அவப்பெயர் உண்டாக்கியதற்காக உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது?" என்று கேட்டிருந்தது. விசாரணைக்கு ஒரு தேதியும் குறித்திருந்தது. கூடவே எங்கள் கடிதத்தின் நகல் ஒன்று.

நகலைக் கையில் எடுத்தேன். வலது பக்க மேல் மூலையில் அழகாக, சாய்க்காமல், என் வழக்கமான உருண்டை எழுத்தில், 417 என்று இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எஸ்டேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு செக்ரோல் நம்பர், அதாவது பெயரேட்டு நம்பர், உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் நம்பர், விறகுக்கு நம்பர், கம்பளிக்கு நம்பர், காலையில் ஆள் கூப்பிடுவதும் நம்பர். ஆபீசுக்குக் கொடுக்கும் எந்தக் காகிதத்திலும் வலது மூலையில் நம்பரைப் போட்டுவிட்டுத்தான் மற்றதை எழுதத் தொடங்குவோம். சிலர் பிள்ளையார் சுழி போடுவதுபோல. பெயர்கூட எழுத மாட்டோம். மெமோவும் பெயருக்கு வரவில்லை, நம்பருக்குத்தான் வந்திருந்தது. அக்காவுக்குப் பதினோரு வருடமாக லீவுக் கடுதாசி எழுதுவது நான்தான். எத்தனை தடவை அந்த மூலையில் 417 போட்டிருப்பேன். காகிதத்தை மாற்றினேன், மையை மாற்றினேன், மொழியை மாற்றினேன். கை மட்டும் பழைய கை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு போயிருக்கிறோம்.

அதுவும் என் நம்பரைப் போட்டிருக்கக் கூடாதா? என்னைப் போட்டிருந்தால் என் வீட்டுக்காரருக்கும் வேலை இருக்கிறது, வீடு எங்கேயும் போகாது. போட்டது அக்காவின் நம்பரை.  தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, நான்தான்க்கா உங்களை மாட்டிவிட்டேன். மூலையில உங்க நம்பரைப் போட்டுட்டேன்."

"அது தெரியும்" என்றார் அக்கா.

"என்ன தெரியும்?"

"மடிக்கும்போதே பாத்தேன். மலையாளந்தான் எனக்கு வாசிக்க வராது. என் நம்பரு தெரியாதா?"

"பாத்துட்டா சும்மா இருந்தீங்க? ஏன் சொல்லல?"

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நம்பரு போடாம ஆபீசுக்கு எப்படிட்டி கடுதாசி போகும்?"

எனக்குக் கோபம், அழுகை, சிரிப்பு எல்லாம் ஒன்றாக வந்தது. அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. "மக படிப்பு முடிய இன்னும் ஒன்றர வருசம் கிடக்கு. அதுவரைக்கும் இந்த வீடு இருந்தா போதும்" என்றார். 

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறித் தொழிலாளர் நல ஆபீசுக்குப் போனேன். உள்ளே நடப்பதை வெளியே சொல்கிறவருக்குச் சட்டத்தில் என்ன காவல் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வெறி. அங்கே இருந்த அதிகாரி என் வயதுப் பெண். பாதி மலையாளம், பாதி தமிழில் பேசினார். நான் கேட்ட கேள்விகளுக்கு வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

"சர்க்கார் ஆபீஸ் ஊழலைச் சொல்றவங்களைக் காப்பாத்தணும்னு தனியா சட்டம் உண்டு. உங்களை மாதிரி பிரைவெட் ஃபேக்டரியில வேலை செய்றவங்களுக்கு அது பொருந்தாது" என்றார்.

"அப்ப எங்களுக்கு ஒண்ணுமே இல்லியா?"

"உண்டு. ஆனா துண்டு துண்டா உண்டு. மிஷின் ஆபத்தா இருந்தா ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு நேரா எழுதலாம். எழுதினது யாருன்னு அவர் வெளியே சொல்லக் கூடாது. நீங்க அங்க எழுதாம பெட்டியில போட்டிருக்கீங்க."

"பெட்டியிலதான் போடச் சொன்னாங்க."

"பெட்டி கம்பெனியோடது" என்றார். பிறகு, விசாரணையில் தொழிலாளிக்குத் துணையாக உடன் வேலை செய்யும் ஒருவர் உட்காரலாம், மெமோவுக்கான ஆதாரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்றார். இந்தத் தகராறு அவர் ஆபீசில் சமரசத்துக்குப் பதிவாகி நிலுவையில் இருந்தால், அந்த விஷயத்தை வைத்து அனுமதியில்லாமல் ஆளை நீக்க முடியாது என்றும் சொன்னார். இத்தனையும் இவ்வளவு நாள் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

"உங்க ஃபேக்டரியில குறைதீர்ப்புக் கமிட்டி இருக்கணுமே? நிர்வாகம் பாதி, தொழிலாளி பாதி. அங்க ஏன் சொல்லல?"

"அப்படி ஒண்ணு எங்ககிட்ட இல்ல மேடம்."

"இல்லாம இருக்காதே" என்று ஃபைலை எடுத்துப் புரட்டினார். கம்பெனி அனுப்பிய பட்டியல் இருந்தது. அவர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மூன்றாவதாக வாசித்தது என் பெயர்.

ஃபைலைத் திருப்பி வாங்கி என் கண்ணாலேயே பார்த்தேன்.  நாலு வருடமாக நான் குறைதீர்ப்புக் கமிட்டியில் இருந்திருக்கிறேன். கூட்டங்கள்கூட நடந்ததாகக் குறிப்பு இருந்தது. நான் ஒன்றுக்கும் போகவில்லை, ஆனால் எல்லாவற்றிலும் 'குறைகள் ஏதும் இல்லை' என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் தினமும் குறை சொல்கிறவள் ஃபேக்டரிக்காகச் சொன்ன பதிலைப் பாருங்கள். அதிகாரி சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். அந்தப் பக்கத்துக்கு நகல் வாங்கிக்கொண்டேன். அக்கா முந்தின நாளே கையெழுத்தைக் கிறுக்கித் தந்திருந்த வெள்ளைத் தாளில், 417 என்று போட்டுச் சமரச மனுவை எழுதிக் கொடுத்து முத்திரை குத்தி வாங்கினேன்.

விசாரணை ஃபேக்டரி ஆபீஸ் அறையில் நடந்தது. விசாரிக்க டவுனிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் ஃபேக்டரி ஆபீசர், இந்தப் பக்கம் அக்கா, துணைக்கு நான். உள்ளே போகும்முன் அக்காவுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்: நம்பரை யார் வேண்டுமானாலும் எழுதலாம், எனக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொல்லுங்கள்.

வக்கீல் கடுதாசியைக் காட்டி மலையாளத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். "இது உங்க நம்பர்தானான்னு கேக்காரு."

அக்கா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என் நம்பருதான் சார்" என்றார்.

மேசைக்கு அடியில் அவர் முழங்காலைக் கிள்ளினேன். பயனில்லை. 'அது என் நம்பர் இல்லை' என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. அவரை எழுப்பி வேலைக்கு அழைத்ததும், மகளைப் பெற்றபோது ஆஸ்பத்திரியில் கட்டிலில் தொங்கியதும் ஏதோ ஒரு நம்பர்தான்.

"எழுதியது நீங்களா?"

"எனக்கு மலையாளம் எழுத வராது சார். சொன்னது நான்."

"எழுதியது யார்?"

அக்கா வாயைத் திறக்கவில்லை. அவரை இன்னொரு தடவை கேட்டார்கள். அப்போதும் திறக்கவில்லை. வேலை போனாலும் சொல்ல மாட்டார் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் மேல் எனக்கே வெறுப்பு வந்தது.

"எழுதினது நான்தான் சார். நம்பரைப் போட்டதும் நான்தான்" என்றேன்.

ஆபீசர் நாற்காலியில் நிமிர்ந்தார். எழுதியவள் நான் என்று தெரிந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. எனக்கோ அந்த மகிழ்ச்சியைப் பார்த்ததும் கோபம் மூக்கு நுனிக்கு ஏறிவிட்டது. மெமோவை எடுத்து வக்கீல் முன்னால் வைத்தேன்.

"இதுல முதல் வரியில மொட்டைக் கடுதாசின்னு போட்டிருக்கு. மொட்டைன்னா ஆள் யாருன்னு தெரியக் கூடாது. இதுல நம்பர் இருக்கு. அந்த நம்பரை வச்சுத்தான் இந்த அக்காவைப் பிடிச்சிருக்கீங்க. மொட்டைன்னா இந்த அக்காவைப் பிடிச்சிருக்கக் கூடாது. இந்த அக்காதான்னா மொட்டைன்னு சொல்லக் கூடாது. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க சார்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் மெமோவைப் பார்த்தார். நாங்கள் செய்த முட்டாள்தனம் எங்களுக்கே கை கொடுக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கமிட்டிப் பட்டியலின் நகலையும் எடுத்து வைத்தேன். "பராதியைக் கமிட்டி மெம்பர்கிட்டச் சொல்லணும்னு தொழிலாளர் ஆபீசுல சொல்லுதாங்க. இந்த ஆபீசர் சார் அனுப்பின லிஸ்டுல நான் மெம்பர். அக்கா முதல்ல எங்கிட்டத்தான் சொன்னாங்க. நானும் சார்கிட்ட வந்து சொன்னேன். அப்ப சார் ஃபோன்ல இருந்தாங்க."

அந்தப் பட்டியலை வக்கீல் கையில் எடுத்தார். ரொம்ப நேரம் வாசித்தார். பிறகு, கடிதத்தில் உள்ளது பொய் என்ற குற்றச்சாட்டு பாக்கி இருக்கிறதே, இடத்தைப் பார்க்கலாம் என்று எழுந்தார்.

சல்லடை மிஷினில் மூடி இருந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த புது வலை, எட்டு போல்ட்டும் மினுமினுவென்று. ஆபீசர் கையை நீட்டிக் காட்டினார், மூடி இருக்கிறது பாருங்கள் என்பதுபோல.  நேற்றுவரை அங்கே ஒன்றும் இல்லை என்று நான் சொல்லலாம், யார் நம்புவார்கள்?

அக்கா மிஷினைச் சுற்றி வந்தார். ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பக்கம் அவரை விடவில்லை. மூடியைத் தொட்டார். விரலில் பச்சை ஒட்டியது. "நல்லா இருக்கு சார்" என்றார். பிறகு அமைதியாகக் கேட்டார். "நான் சொன்னது பொய்யின்னா, இதை எதுக்கு சார் இப்ப மாட்டுனீய?"

நான் மொழிபெயர்க்கவில்லை. வக்கீலுக்குப் புரிந்துவிட்டது. அவரும் விரலால் தொட்டுப் பார்த்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன்; கையால் மறைத்துக்கொண்டார்.

அதன் பிறகு பல வாரங்கள் ஒரு சத்தமும் இல்லை. அக்கா களைவெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் யாரோ ஒரு குடும்பம் வந்து அவர் லயத்து வீட்டை வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அடுப்படி எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்டிருக்கிறார்கள். அவரும் காட்டியிருக்கிறார். அதைக் கேட்டு நான் கத்தினேன். "கேட்டவுகளுக்கு என்ன தெரியும், பாவம்" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

உத்தரவு ஒரு வியாழக்கிழமை வந்தது. அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு நேராகப் பேக்கிங் ரூமுக்கு வந்தார். மூட்டையில் சாய்ந்து நின்று நான் வாசித்தேன். குற்றச்சாட்டுகள் முழுமையாக நிரூபிக்கப்படவில்லை. மறுபடியும் சல்லடை மிஷினுக்குப் போகலாம். ஆனால் இது கடைசி எச்சரிக்கை. இனிமேல் பெயர் இல்லாமல் எந்தப் பராதியும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வேறு அறிவிப்பின்றி வேலை நீக்கம்.

அக்கா இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"பேரு இல்லாமக் குடுக்கக் கூடாதுன்னா, பேரோட குடுக்கலாம்னுதானே அர்த்தம்?"

"எழுத்துல அப்படித்தான் இருக்கு. ஆனா மறுபடி ஏதாவதுன்னா வேலை போயிரும்க்கா. வீடும்."

"அதையும்தான் வாசிச்சியே. கேட்டேன்."

சல்லடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. தூசியில் ஆட்கள் முகம் மங்கலாகத் தெரிந்தது. யாரோ விடாமல் இருமினார்கள்.

"தூசி இழுக்குத ஃபேன் நின்னு எத்தன மாசம் ஆச்சு? உள்ள நிக்கிற அத்தன பேரும் இருமுதோம். நீதானே கமிட்டி. எழுது."

"யோசிச்சுச் சொல்லுங்கக்கா."

"களைவெட்டுல நிக்கையில யோசிக்கத்தானே நேரம் கிடந்துச்சு. எழுதுட்டி."

மூட்டை மேல் காகிதத்தை வைத்தேன். கை தானாக வலது மூலைக்குப் போயிற்று. நிறுத்தினேன்.

"பேரு போடணும். ஏட்டுல உள்ள முழுப் பேரைச் சொல்லுங்க."

சொன்னார். பதினோரு வருடமாக எதிரே நின்றவள் நான். அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், மற்றவர்கள் மகள் பெயரைச் சொல்லி அவளோட அம்மா என்பார்கள், ஆபீசுக்கு 417. அந்தப் பெயரை நான் அதுவரை கேட்டதே இல்லை.

மிஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று பொய் சொல்லி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். எழுதினேன். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினேன்.